ஜெயிச்சாத்தான் பாட்டு! - மெல்பர்ன் மைதானத்தில் ஒரு சனிக்கிழமை

"நீ எந்த டீம்?"

மெல்பர்னில் இறங்கிய மூன்றே நாளில் இந்தக் கேள்வியை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். சிம் கார்டு விற்றவர், டிராமில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி, காபிக் கடைப் பெண், அக்காவின் எதிர்வீட்டுக்காரர். "சென்னை சூப்பர் கிங்ஸ்" என்றேன். எதிர்வீட்டுக்காரர் பொறுமையாகச் சிரித்தார். "அது சரி... ஃபுட்டில எந்த டீம்?"

ஃபுட்டி என்றால் நாம் பார்க்கிற கால்பந்து இல்லை. பந்தும் முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். அணிக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் குத்தித் தள்ளலாம். எறியத்தான் கூடாது. இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. உயரமாக வரும் பந்தைப் பிடிக்க, முன்னால் நிற்பவர் தோளில் முட்டியை வைத்து ஏறிக் குதிப்பார்கள். அதற்குத்தான் விசில் பறக்கும்.

கிரிக்கெட்காரர்கள் குளிர்காலத்தில் உடம்பைச் சோம்பலாக வைத்திருக்கக் கூடாது என்று டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் 1858-ல் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்த வருடமே விதிகளை எழுதிவிட்டார்கள். இன்று லீக்கில் 18 அணிகள். அதில் 9 அணிகள் மெல்பர்ன் நகருக்குள்ளேயே இருக்கின்றன. நம்மூரில் ஒரே தெருவில் இரண்டு நடிகர்களின் ரசிகர் மன்றம் இருந்தால் எப்படியோ, அப்படித்தான் அங்கே ஒவ்வொரு வீடும்.

"ஒரு சனிக்கிழமை மேட்ச் பாரு. அப்புறம்தான் உனக்கு இந்த ஊரு புரியும்" என்ற அக்கா, தன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸிடம் என்னை ஒப்படைத்தாள். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் இந்தக் கட்டுரையில் அவர் நர்ஸம்மா. ரிச்மண்ட் அணியின் பரம ரசிகை.

ஹோட்டல்னா இட்லி கிடையாது!

கிளென் வேவர்லியில் ரயில் ஏறி ரிச்மண்ட் ஸ்டேஷனில் இறங்கினால், பாலத்தை ஒட்டி ஸ்வான் தெருவில் இருக்கிறது கார்னர் ஹோட்டல். ஆஸ்திரேலியாவில் 'ஹோட்டல்' என்று போர்டு இருந்தால் பல நேரம் அது பப். எனக்கு லெமனேட் வந்தது. மஞ்சள்-கறுப்பு மஃப்ளரோடு நர்ஸம்மா, அவருடைய காலேஜ் படிக்கும் பேரன், கூடவே ஒரு பெரியவர். டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவர் கழுத்தில் மட்டும் சிவப்பு, நீலம், பொன்னிறம் கலந்த பழைய கம்பளி மஃப்ளர். நுனியில் நூல் பிரிந்திருந்தது.

"இவர் எதிரி டீம்" என்று அறிமுகம் செய்துவைத்தார் நர்ஸம்மா. அன்று ரிச்மண்டுக்கும் பிரிஸ்பேனுக்கும் மேட்ச். எதிரிகள் ஒரே தட்டில் உருளைக்கிழங்கு சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்!

பேச்சு டீமில் ஆரம்பித்து ஐந்தே நிமிடத்தில் பாட்டுக்குத் தாவியது. "இந்த மேடை தெரியுமா?" என்று உள்ளே கை காட்டினான் பேரன். 2002-ல் ஒய்ட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ஜாக் ஒய்ட், கச்சேரிக்கு முன்னால் இங்கே சவுண்ட் செக் செய்துகொண்டிருந்தபோது கிடாரில் தற்செயலாக வந்து விழுந்த மெட்டுதான் 'செவன் நேஷன் ஆர்மி'. இன்று உலகம் முழுக்கக் கால்பந்து ரசிகர்கள் வார்த்தையே இல்லாமல் 'ஓ... ஓ...' என்று கத்துகிற அதே மெட்டு. அது பிறந்த இடத்திலிருந்து மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் நடந்துபோகிற தூரம்தான்.

"அதெல்லாம் நேத்து வந்த பாட்டு" என்றார் நர்ஸம்மா. அவருக்கு ஏ.சி/டி.சி. 1976-ல் அந்தக் குழு ஒரு லாரியின் மேல் நின்று பாடிக்கொண்டே ஸ்வான்ஸ்டன் தெருவில் போனதாம். வீடியோ எடுப்பதற்காக. "எங்க அண்ணன் ஸ்கூல் கட் அடிச்சுட்டுப் போய்ப் பார்த்தான். நான் கிளாஸ்ல உட்கார்ந்திருந்தேன். அம்பது வருஷமா அவனை மன்னிக்கல." நகரத்தில் அந்தக் குழுவின் பெயரில் ஒரு சந்தே இருக்கிறது. டிராம் தாத்தாவுக்கு பால் கெல்லி. "சத்தம் கம்மி, விஷயம் ஜாஸ்தி" என்றார். பேரன் காதில் கிங் கிஸ்ஸர்ட் அண்ட் தி லிசர்ட் விசர்ட் என்ற உள்ளூர் பேண்ட். என் முறை வந்தபோது இளையராஜாவையும் அனிருத்தையும் ஒவ்வொரு காதுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அனிருத்துக்குப் பேரனின் தலை ஆடியது. ராஜாவை டிராம் தாத்தா கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கடன் வாங்கிய மெட்டு

ஆனால், இவர்கள் எல்லோருக்கும் இதற்கெல்லாம் மேலே ஒரு பாட்டு இருக்கிறது. அணியின் பாட்டு. ஒவ்வொரு அணிக்கும் ஒன்று உண்டு. மேட்ச் முடிந்து சைரன் ஒலித்ததும், ஜெயித்த அணியின் பாட்டை மட்டும் மைதானத்தின் ஸ்பீக்கர்களில் போடுவார்கள். தோற்ற அணிக்குப் பாட்டு கிடையாது. வீரர்கள் டிரெஸ்ஸிங் ரூமில் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்று அதையே பாடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பல அணிகளுக்கு மெட்டு இரவல். ரிச்மண்ட் பாட்டுக்கு 1912-ம் வருட அமெரிக்க மேடைப்பாட்டு. ஜீலாங் அணிக்கு 'கார்மென்' ஆபராவின் மெட்டு. சிட்னிக்கு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பாட்டு. பிரிஸ்பேனுக்கு பிரான்ஸ் நாட்டின் தேசிய கீதமே மெட்டு!

"எங்க பாட்டு ஒலிக்கிறதுக்காக ஒவ்வொரு வாரமும் காத்திருக்கோம். கோப்பையோட சேர்த்துக் கேட்க 37 வருஷம் காத்திருந்தோம்" என்றார் நர்ஸம்மா. 1980-க்குப் பிறகு ரிச்மண்ட் கோப்பையைத் தொட்டது 2017-ல்தான். அன்று ஃபைனலுக்குப் பாட வந்திருந்தது தி கில்லர்ஸ் குழு. மேட்ச் முடிந்த பிறகு நடந்த கச்சேரியில் ரிச்மண்ட் வீரர் ஜாக் ரீவோல்ட் மேடையேறி, அவர்களோடு சேர்ந்து 'மிஸ்டர் பிரைட்சைட்' பாடினார். "சுருதி சுத்தமா இல்லை. யாருக்கு வேணும் சுருதி?" என்றபோது நர்ஸம்மாவின் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

1996, ஆகஸ்ட் 25

யார்ரா பார்க் வழியாக மைதானத்துக்கு நடந்தோம். குளிர் காற்று காதைக் கடித்தது. "மெல்பர்ன்ல இருந்துக்கிட்டு பிரிஸ்பேனுக்கு எப்படி சப்போர்ட் பண்றீங்க?" என்று டிராம் தாத்தாவிடம் கேட்டேன். நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்டிருக்கக் கூடாதோ?

"என் டீம் பிரிஸ்பேன் இல்லைம்மா. ஃபிட்ஸ்ராய்."

ஃபிட்ஸ்ராய், மெல்பர்னின் உள்நகரப் பகுதி. 1883-ல் தொடங்கிய அணி. எட்டு முறை கோப்பை வென்றது, கடைசியாக 1944-ல். அதன் பிறகு காசில்லை, சொந்த மைதானமில்லை. 1996 சீசன் முடிந்ததும் அதை பிரிஸ்பேன் பேர்ஸ் அணியோடு இணைத்து 'பிரிஸ்பேன் லயன்ஸ்' ஆக்கிவிட்டார்கள். நூறு வருடத்துக்கும் மேல் நம் தெருவிலிருந்த ஒன்று, ஒரே சீசனில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. சி.எஸ்.கே 2016, 2017 இரண்டு சீசன் இல்லாதபோதே எங்கள் வீட்டில் ஐ.பி.எல் மாதம் துக்க வீடு மாதிரி இருந்தது. நமக்காவது டீம் திரும்பி வந்தது.

ஃபிட்ஸ்ராய் மெல்பர்னில் ஆடிய கடைசி மேட்ச் 1996 ஆகஸ்ட் 25 அன்று. அதே மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம். எதிரணி ரிச்மண்ட். 151 புள்ளி வித்தியாசத்தில் ரிச்மண்ட் ஜெயித்தது.

"நானும் அன்னிக்கு இருந்தேன்" என்றார் நர்ஸம்மா. "சைரன் அடிச்சது. எங்க பாட்டு போட்டாங்க. எங்க நிறத்தைச் சொல்ற வரி வந்தா மைதானமே அலறும். எனக்கு வாய் வரல. முன் சீட்ல இந்த மனுஷன் மஃப்ளரை முகத்துல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. அவர் முன்னாடி எப்படிப் பாடறது? என் வாழ்க்கையில ஜெயிச்சும் பாடாம இருந்த ஒரே நாள் அதுதான்."

இருவரும் பேசிக்கொண்டது அன்றுதான் முதல்முறை. அவர் மஃப்ளர், தாத்தாவின் அம்மா பின்னியது.

அதன்பிறகு தாத்தா ஐந்து வருடம் ஃபுட்டி பக்கமே போகவில்லை. 2001-ல் பிரிஸ்பேன் ஃபைனலுக்கு வந்தது. வீட்டில் சும்மா டி.வி-யைப் போட்டிருக்கிறார். பிரிஸ்பேன் ஜெயித்து, பாட்டு ஆரம்பித்தது. "மெட்டு எங்க மெட்டு. எங்க ஆட்டக்காரர் பில் ஸ்டீபன் எழுதின பாட்டுல ஊர் பேரை மாத்தி வெச்சிருந்தாங்க. நான் என்னை அறியாம எழுந்து நின்னுட்டேன்" என்றார். "அது சரியா தப்பான்னு இன்னிக்கும் தெரியல. என் தம்பி அந்த டீமோட பேரைக்கூடச் சொல்ல மாட்டான்."

சைரனுக்குப் பிறகு

உள்ளே ஒரு லட்சம் பேர் உட்காரலாம். இரண்டு அணி ரசிகர்களுக்கும் தனித்தனி வேலி கிடையாது. மஞ்சள்-கறுப்புக்குப் பக்கத்திலேயே பிரிஸ்பேன்காரர்கள் உட்கார்ந்து, சூடான இறைச்சி பையில் தக்காளி சாஸை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே திட்டிக்கொள்கிறார்கள். கணக்குக்கு 20 நிமிடம்தான் ஒரு குவார்ட்டர். நேரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால் அரை மணி நேரத்தைத் தொடும். அப்படி நான்கு. குழந்தைகளோடு போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை சீசன். மேட்ச் இல்லாத நாளில் போனால், மைதானத்துக்கு உள்ளேயே இருக்கும் விளையாட்டு அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம்.

பிரிஸ்பேன் ஜெயித்தது. சைரன் ஒலித்ததும் மஞ்சள்-கறுப்புக் கூட்டம் மளமளவென்று படியேறிக் கிளம்பியது. பேரனும் எழுந்தான். நர்ஸம்மா அசையவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. தாத்தா மெதுவாக எழுந்து நின்று பாடினார். ஊர் பெயர் வரும் இடத்தில் ஸ்பீக்கர் ஒன்று சொன்னது, அவர் உதடு வேறொன்று சொன்னது. பாட்டு முடிகிறவரை நர்ஸம்மா அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாடவில்லை. தோற்ற ரிச்மண்ட்காரர் எப்படிப் பாடுவார்? ஆனால், போகவும் இல்லை.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் தாத்தா சொன்னார். "ஃபிட்ஸ்ராய் முழுசா சாகல, தெரியுமா? இப்ப அமெச்சூர் லீக்ல ஆடுது. பிரன்ஸ்விக் தெருவுல, எங்க பழைய மைதானத்துலயே. அங்க ஜெயிச்சா பழைய வரிகளோடயே பாடுவாங்க. அடுத்த சனிக்கிழமை வர்றியா?"

"ஃப்ளைட் வெள்ளிக்கிழமை தாத்தா" என்றேன்.

"ஜெயிப்பாங்கன்னு சொல்ல முடியாது" என்றார் நர்ஸம்மா. "ஆனா நான் போறேன். பழைய வரி எனக்கும் பாதி தெரியும்."

ராத்திரி அக்கா வீட்டில் டிக்கெட் மாற்ற எவ்வளவு ஆகும் என்று போனில் பார்த்தேன். கொஞ்சம் அதிகம்தான். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, எடிட்டருக்கு லீவ் லெட்டர் டைப் செய்யத் தொடங்கினேன்.