கொம்புக்கும் மெய்க்கும் நடுவில்

ஈய எழுத்துகளைக் கோர்த்து அச்சடித்த காலத்தில் இடைவெளி என்பது விரலால் எடுத்து வைக்கிற பொருளாக இருந்தது. எழுத்தைவிட உயரம் குறைந்த சிறு உலோகத் துண்டு. மை உருளை மேலே ஓடும்போது அதன் தலையைத் தொடாது, அதனால் தாளிலும் விழாது. எழுத்தின் அளவுக்குச் சதுரமாக இருந்தால் எம் குவாட், அதில் பாதி என்றால் என் குவாட். பிறகு எம்மில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று மெலிந்துகொண்டே போகும். 12 பாயிண்ட் என்றால் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. அதையும் ஐந்தாகப் பகுத்த துண்டைக் கண் பார்த்துச் சொல்ல முடியாது, விரல் நுனிக்குத்தான் தெரியும்.

பண்ருட்டியில் எங்கள் தெருமுனை அச்சகத்தில் இதையெல்லாம் பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கம். கடலூர் இன்னும் தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரமாக இருந்த நாட்கள். சித்திரை பிறந்துவிட்டால் பலா மண்டிகளின் பில் புத்தகம் வரும். முந்திரிப் பருப்பு டின்னுக்கு ஒட்டும் லேபிள் வரும். சதயத்தில் அப்பர் திருநாளுக்குத் திருவதிகைக் கோயில் நோட்டீஸ் வரும். நெய்வேலியிலிருந்து சுரங்கத் தொழிற்சங்கத்துக்காரர்கள் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்து, மறுநாள் காலை ஷிப்ட்டுக்குள் துண்டறிக்கை வேண்டும் என்று நிற்பார்கள். வைகாசி, ஆவணி, தை என்றால் மற்ற வேலையெல்லாம் ஓரம் போய்விடும். கல்யாணப் பத்திரிகைதான்.

கம்பாசிட்டர் அண்ணன் நின்றபடியே கோர்ப்பார். இடது கையில் எழுத்தை அடுக்கும் ஸ்டிக், வலது கை எழுத்துப் பெட்டியான கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் போய்வந்துகொண்டிருக்கும். எழுத்துகள் தலைகீழாக நிற்கும், அவர் அதை நேராக வாசிப்பதுபோல வாசிப்பார். வரி முடிகிற இடத்தில்தான் வேலையே தொடங்கும். வரி ஸ்டிக்குக்குள் ஆடக்கூடாது. ஒரு வரி தளர்ந்திருந்தாலும், கோர்த்த பக்கத்தை இரும்புச் சட்டத்தில் முடுக்கித் தூக்கும்போது அந்த வரி கீழே கொட்டிவிடும். அதனால் சொற்களுக்கு நடுவிலிருந்த துண்டை எடுத்துவிட்டு அதைவிடச் சற்றுத் தடித்ததைப் போடுவார், இன்னொரு இடத்தில் மெல்லியதைப் போடுவார். அதுவும் போதாவிட்டால் பத்திரிகை அட்டையின் ஓரத்தில் ஒரு சிம்பு கத்தரித்துச் செருகுவார். கட்டைவிரலால் வரியை மெல்லத் தள்ளிப் பார்ப்பார். அசையாது நின்றால் அடுத்த வரி.

டிரெடில் அச்சு மிஷின் ஓடும்போது சில சமயம் அந்தத் துண்டுகளில் ஒன்று அதிர்வில் மேலே எழும்பிவிடும். அப்போது இரண்டு சொற்களுக்கு நடுவே கறுப்பாக ஒரு கட்டம் அச்சாகும். மிஷினை நிறுத்தி, ஊசிமுனைக் கருவியால் அதைத் தட்டி உள்ளே இறக்குவார்கள். பழைய நோட்டீஸ்களில் அந்தக் கறுப்புக் கட்டத்தை இன்றைக்கும் பார்க்கலாம். எனக்கு அது கறையாகத் தெரிவதில்லை. அந்த இடத்தில் ஒருவர் ஏதோ வைத்திருந்தார் என்பதற்கான தடயம் அது.

தமிழில் இடம் போதாத கதை ஈயத்தோடு சேர்ந்தே வந்தது. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து 1713-ல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றால் அச்சிட்டால் புதிய ஏற்பாட்டுக்குக் காகிதம் காணாது. மிஷனரி சீகன்பால்கு காலத்திலேயே, தரங்கம்பாடியிலேயே, சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் நூல் முடிந்தது. எங்கள் ஊரிலிருந்து கடற்கரையோடு தெற்கே போனால் எட்டிவிடும் தூரத்தில் நடந்த வேலை இது.

நான் பார்த்த நாட்களில் இன்னொரு மாற்றம் கேஸுக்குள் நடந்துகொண்டிருந்தது. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை, எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. அதற்கு முன் லை, ளை, னை, ணை எல்லாம் துதிக்கை தூக்கிய ஒற்றை அச்சுகள். ஆணைக்குப் பிறகு இணைக்கொம்பு ஒரு துண்டு, மெய் ஒரு துண்டு. வாங்கவேண்டிய அச்சுகள் குறைந்தன, வரி கொஞ்சம் நீண்டது. புது எழுத்து வாங்கப் பணம் சேரும்வரை அச்சகங்கள் இரண்டையும் கலந்தே ஓட்டின. ஒரே பத்திரிகையில் ‘மாலை’ பழைய துதிக்கையோடும் ‘காலை’ புது உருவத்தோடும் இருக்கும். யாரும் குறை சொன்னதாக நினைவில்லை.

கல்யாணப் பத்திரிகையில்தான் இடைவெளிக்கு மரியாதை அதிகம். மாப்பிள்ளை பெயர் ‘பாலசுப்பிரமணியன்’ என்றிருக்கும். பெண் பெயர் ‘தேவி’ என்று முடிந்துவிடும். ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டால் பெண் வீட்டார் முகம் சுருங்கும். பெரிய பாயிண்டில் போடவும் கூடாது, அது மாப்பிள்ளை வீட்டுக்குக் குறை. ஆகவே ‘தேவி’யை விரிக்கவேண்டும். விரிக்கும்போது எங்கே துண்டு வைக்கலாம், எங்கே கூடாது என்பதில் அண்ணன் கண்டிப்பானவர். ஈயத்தில் இரட்டைக் கொம்பு தனி அச்சு, ‘த’ தனி அச்சு. கைக்கு அவை இரண்டு, கண்ணுக்கு ஒன்று.

பக்கத்தில் நின்று எழுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என்னிடம் ஒருநாள் சொன்னார். “கொம்புக்கும் மெய்க்கும் நடுவுல ஒண்ணும் வைக்கக் கூடாது தம்பி. கொம்பு தனியா நின்னா அது யார் வீட்டுப் புள்ளைன்னே தெரியாது.”

‘தே’ முடிந்த பிறகு துண்டு, ‘வி’க்குப் பிறகு ஒன்றும் வேண்டாம், இரு பக்கமும் குவாட். அதேபோல, புள்ளி வைத்த எழுத்தில் வரியைத் தொடங்கமாட்டார். அதைத் தவிர்க்க மேலிருந்து நாலு வரியைக் கலைத்துத் திரும்பக் கோர்த்ததையும் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்கப்போவதில்லை, கூலியும் கூடப்போவதில்லை.

தட்டச்சுப் பயிலகத்தில் லோயர் படித்தபோதும் இதே விதிதான். தலைப்பை விரித்து அடிக்க ஒவ்வோர் எழுத்துக்கும் பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டவேண்டும். கொம்பை அடித்து, மெய்யை அடித்து, பிறகுதான் தட்டல். புள்ளி விசை உருளையை நகர்த்தாது என்பதால் அங்கே கை தானாகவே சரியாக இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் கணினி வந்தது. கடை வாசலில் ‘டி.டி.பி.’ என்று பலகை தொங்கியது. பேஜ்மேக்கரில் டிராக்கிங் என்று ஒரு பட்டியல், அதில் ‘லூஸ்’, ‘வெரி லூஸ்’, ‘டைட்’. பெயரைத் தேர்ந்தெடுத்து ஒன்றை அழுத்தினால் போதும், நொடியில் விரிந்துவிடும். ஆனால் அன்றைய தமிழ் எழுத்துருக்களில் கொம்பு என்பது ஆங்கில எழுத்து ஒன்றின் இடத்தில் உட்கார்ந்த தனிக் குறி. அது தமிழ், அது அடுத்த மெய்யோடு ஒட்டியது என்பதெல்லாம் மென்பொருளுக்குத் தெரியாது. எல்லாக் குறிகளுக்கும் நடுவே சமமாக இடம் விட்டது. இரட்டைக் கொம்பு ஓரிடம், ‘த’ ஓரிடம், ‘வி’ ஓரிடம். சுவரொட்டிகளிலும் கண்ணீர் அஞ்சலிகளிலும் கொம்புகள் அநாதையாக நின்றன. அந்த ஆண்டுகளில் அச்சான தமிழைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் மனம் வலிக்கிறது. கையால் செய்தபோது கூடாது என்று வைத்திருந்த ஒன்று, விரைவு கூடியதும் ஊரெங்கும் சாதாரணமாகிவிட்டது.

இப்போது யுனிகோடில் அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. ‘தே’ என்று அடித்தால் உள்ளே முதலில் ‘த’வும் அடுத்து ஏகாரமும் பதிவாகின்றன, கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்துருவின் வேலை. வேர்டில் கன்ட்ரோல் டி அழுத்தி, எழுத்து இடைவெளியில் ‘எக்ஸ்பேண்டட்’ கொடுத்து, அரை பாயிண்ட், ஒரு பாயிண்ட் என்று கூட்டிக்கொள்ளலாம். நல்ல மென்பொருள் கொம்பையும் மெய்யையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு இடத்தை வெளியேதான் விடுகிறது. 2010-ல் தமிழக அரசும் யுனிகோடை ஏற்றது. அண்ணன் சொன்னதைக் கணினி ஒருவழியாகக் கற்றுக்கொண்டதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

தெருமுனை அச்சகம் அதற்கெல்லாம் முன்பே மூடிவிட்டது. கேஸ்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் கவிழ்த்தார்கள். பழைய துதிக்கை லையும் புது லையும், இரட்டைக் கொம்புகளும் குவாட்களும் கலந்து, ஈயத்தின் எடைக்குப் போயின. டிரெடிலைக் கழற்றி இரும்புக் கடைக்கு ஏற்றினார்கள்.

அண்ணன் அதன் பிறகு ஒரு டி.டி.பி. கடையில் புரூப் பார்க்கப் போனார். கணினியைத் தொடமாட்டார். அச்சாகி வந்த தாளைச் சுவரோரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிரிந்து நின்ற ஒவ்வொரு கொம்புக்கும் அதன் மெய்க்கும் மேலே சிவப்புப் பேனாவால் சிறு வளைவு ஒன்று போடுவார். சேர்த்து வை என்பதற்கான அச்சகக் குறி அது. கடையிலிருந்த பெண்களுக்கு முதலில் அது என்னவென்று புரியவில்லை. சொல்லிக்கொடுத்தார். கொம்பை மட்டும் தேர்ந்தெடுத்து, கெர்னிங்கைக் குறைத்து உள்ளே இழுக்கப் பழகினார்கள். அவர் வேலையை விட்ட பிறகு ஒரு தாளைத் திருத்தி வாங்க அங்கே போனேன். புதிதாகச் சேர்ந்திருந்த பெண், அவரைப் பார்த்தே இராதவள், என் தாளில் இரண்டு இடத்தில் அந்த வளைவைப் போட்டுவிட்டு, “இருங்க சார், இதைச் சேர்த்துட்டுத் தரேன்” என்று திரையின் பக்கம் திரும்பினாள்.