ஒடிந்த ஊசியின் ஏடு

திருப்பூரில் பனியன் தைப்போர் நன்கறிந்த ஒழுங்கொன்று உண்டு. ஏற்றுமதி நிறுவனங்களில் தையல் இயந்திரத்தின் ஊசி ஒடிந்தால், புது ஊசி உடனே கிடைப்பதில்லை. ஒடிந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் தேடியெடுத்து, அதற்கென உள்ள ஏட்டில் ஒட்டி, நாளும் நேரமும் இயந்திர எண்ணும் குறித்த பின்னரே அடுத்த ஊசி தரப்படும். ஒரு துண்டு குறைந்தாலும் அருகிலுள்ள துணிகளையெல்லாம் சோதிப்பர். கடல் கடந்த நாட்டில் அச்சட்டையை அணியப்போகும் ஏதோவொரு குழந்தையின் மேனியில் அது தைத்துவிடலாகாது என்பதே காரணம்.

முகமறியாக் குழந்தைக்காக இவ்வளவு கவனம் கொள்ளும் நாம், கண்ணெதிரே கிடக்கும் நோயாளிக்காக அவ்வளவு கொள்கிறோமா?

என்னிடம் ஓதிய பெண்ணொருத்தி ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறாள். ஓரிரவு ஒரே பெயருடைய இருவர் அங்குச் சேர்க்கப்பட்டிருந்தனர். ஒருவருக்குரிய மருந்து மற்றவர் கட்டில்வரை சென்று, கடைசி நொடியில் திரும்பிற்று. "அதை எழுதி வைத்தாயா, அம்மா?" என்று கேட்டேன்.

"எழுதினால் என் பெயர்தான் கெடும், ஹஜ்ரத். யார் செய்தது என்று கேட்பார்கள், ஏன் நடந்தது என்று கேட்கமாட்டார்கள்" என்றாள்.

எழுதப்படாத தவறு அழிந்துபோவதில்லை. மற்றோர் இரவில், மற்றொருத்தியின் கையில், அது திரும்பாமலே போகலாம்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்ட செய்தி தமிழகத்தை உலுக்கிற்று. சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம் அது. அதை வெளிக்கொணர்ந்தது எந்த ஏடும் அன்று. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தம் நோயை அறிந்த கொடையாளி இளைஞர் தாமே சென்று அறிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2016-இல் அவர் கொடுத்த இரத்தத்திலேயே கிருமி தெரிந்திருந்தும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்ற செய்தி பின்னர் வந்தது. உண்மையை உரைத்த அவ்விளைஞர் அம்மாத இறுதியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

9-ஆம் நூற்றாண்டிலேயே ருஹா நகரத்து இஸ்ஹாக் இப்னு அலீ, 'அதபுத் தபீப்' என்னும் அரபு நூலில் இதற்கு வழி கூறினார். மருத்துவர் நோயாளியைக் காணுந்தோறும் குறிப்பெழுத வேண்டும். நோயாளி இறந்தால் ஏனைய மருத்துவர்கள் அக்குறிப்பை ஆராய வேண்டும் என்பது அவர் கூற்று. நம் நாட்டிலும் மருந்துகளின் தீய விளைவுகளைத் திரட்ட 2010-லும், இரத்தம் ஏற்றுவதால் நேரும் தீங்குகளைத் திரட்ட 2012-லும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. படிவங்கள் உள்ளன. ஆனால் நிரப்புவோர்க்கு அச்சம் நீங்காவிடில் அவை வெறுந்தாள்களே.

அலட்சியத்துக்குத் தண்டனை வேண்டாமென்பதன்று என் வாதம். ஆயினும் களைத்த கை தடுமாறுவது வேறு. தடுமாறியதை மறைப்பது வேறு. ஊசி ஒடிவது குற்றமன்று, துண்டை ஒளிப்பதே குற்றம் என்பதைத் தையற்கூடம் உணர்ந்திருக்கிறது. ஆடைக்கு வந்த அந்த ஒழுங்கு, அதை அணியும் உடலுக்கும் வரவேண்டும் அன்றோ?