வன்னி இருளும் வண்டியின் உள்விளக்கும்

கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் ஏ9 நெடுவீதி 321 கிலோமீற்றர் நீளமுடையது. மலைச்சாரலின் குளிர்காற்றோடு புறப்பட்டு, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி ஆகிய ஊர்களைக் கடந்து, வவுனியாவுக்கு அப்பால் வன்னிக் காட்டை ஊடறுத்து, ஆனையிறவில் கடனீரேரியைத் தாண்டி, பனங்கூடல்களினூடே குடாநாட்டுக்குள் புகும் இவ்வீதியைப் பகலில் கண்டவர் பலர். இதன் இரவைக் கண்டவர் சிலரே. இரவில் இவ்வழியே செல்வோர் தொகை சிறிதன்று. ஆயினும் அவருட் பெரும்பாலோர் உறங்கிவிடுகின்றனர். விழித்திருப்போரிலும் பலர், தம் வண்டிக்குள் எரியும் சிறு விளக்கொன்றினால், வெளியே உள்ளதைக் காணாதவராகின்றனர்.

கொழும்பில் வாழும் நம்மவர்க்கு ஊர்ப்பயணம் என்பது இராப்பயணமாகவே பழகிவிட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கும், கல்யாண வீட்டுக்கும், செத்த வீட்டுக்கும், பள்ளிக்கூட விடுமுறைக்கும் வெள்ளவத்தையில் இராவுணவை முடித்துக்கொண்டு காரிலோ வானிலோ ஏறினால், விடியும் வேளையில் வீட்டுப் படலையைத் திறக்கலாம். அவ்வாறு செல்லும் குடும்பத்தில் எவரேனும் ஒருவர் நடுவழியில் உள்விளக்கை ஏற்றச் சொல்லாதிருப்பது அரிது. குழந்தையின் பாற்போத்தல் இருக்கைக்குக் கீழே உருண்டுவிடும். மாணவனுக்குக் கதைப்புத்தகத்தின் கடைசி அத்தியாயம் மிஞ்சியிருக்கும்.

“தம்பி, உந்த லைற்றை ஒருக்காப் போடு ராசா, என்ரை குளிசையைத் தேடவேணும்” என்பார் பின்னிருக்கையில் உள்ள ஆச்சி.

“கொஞ்சம் பொறுங்கோ ஆச்சி, முறிகண்டியிலை நிப்பாட்டுறன்” என்பான் வண்டியோட்டும் பேரன்.

ஆச்சிக்கு இது சற்று மனத்தாங்கலாகவே இருக்கும். ஒரு சிறு விளக்கைப் போடுவதற்கு இத்தனை பிகுவா என்று அவர் எண்ணக்கூடும். ஆனால், பேரன் சொன்னதில் நியாயம் உண்டு. அந்நியாயத்தை அறிவதற்கு வன்னிப் பெருவழியைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை.

வீதியில் உறங்கும் உயிர்கள்

வவுனியா நகரத்துக் கடைத்தெருவின் ஒளி ஓமந்தையோடு ஓய்ந்துவிடுகின்றது. அதன்பின் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் எனச் சந்திகள் சில ஒளித்தீவுகள்போல் வந்து மறையும். இடையில் உள்ளதெல்லாம் காடும் வயலும் கரிய வானுமே. வீதியோ நேரியது, செப்பமானது. சாரதியின் கால் தன்னையறியாமலே வேகத்தைக் கூட்டும் இடம் இது.

இந்த நேரிய வீதியில் இரவில் காணக்கூடியவை எவை? பகலெல்லாம் வெயில் குடித்த தார் இரவிலும் இளஞ்சூட்டை இழப்பதில்லை. ஆதலால், மேய்ச்சல் முடிந்த மாடுகள் அதன்மேல் வந்து படுத்து அசைபோடும். அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் காயும். தோட்டத்திலிருந்து வீடு திரும்பும் கமக்காரன் விளக்கில்லாத சைக்கிளில் வருவான். பழுதுற்ற லொறியொன்று பின்விளக்கு எரியாமல் ஓரமாக நிற்கும். காட்டு யானை வீதியைக் கடப்பதும் உண்டு.

மாடு, நரி முதலியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருக்கின்றது. நம் முன்விளக்கு பட்டவுடன் அவற்றின் கண்கள் இரு தணல்களைப்போல் மின்னுவது அதனாலேயே. ஆனால், முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் மாட்டிடம் இந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. மனிதனுக்கோ அப்படலமே கிடையாது. கறுத்த சட்டை அணிந்து வீதியோரம் நடப்பவன், இருளோடு இருளாகவே நம்மை நெருங்குகின்றான். அவனைக் காண்பதும் காணாதிருப்பதும் சாரதியின் கண்ணைப் பொறுத்தது. அவன் வீட்டில் விளக்கெரிவதும் அதனையே பொறுத்தது.

இருளைப் பழகும் கண்

நமது விழித்திரையில் ஒளியை உணரும் கலங்கள் இருவகை. கூம்புக் கலங்கள் பகலொளியில் நிறங்களைப் பிரித்தறிபவை. கோற் கலங்கள் மங்கிய ஒளியில் உருவங்களை உணர்பவை. கோற் கலங்களில் ரொடொப்சின் என்னும் நிறப்பொருள் உண்டு. ஒளி பட்டால் அது நிறமிழக்கும். இருளில் மெல்ல மெல்ல மீளும். உயிர்ச்சத்து ஏ குறைந்தால் மாலைக்கண் உண்டாவதற்குக் காரணமும் இந்நிறப்பொருள் குறைவதே. ஒளியிலிருந்து இருளுக்குச் சென்றவரின் கண் முழுமையாகப் பழகுவதற்கு ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் செல்லும். அப்பழக்கத்தை இழப்பதற்கோ சில கணங்களே போதும். இரண்டாம் உலகப் போரில் இரவில் பறக்கவேண்டிய விமானிகள், புறப்படுமுன் சிவப்புக் கண்ணாடி அணிந்து காத்திருந்தது இதன்பொருட்டே. கோற் கலங்களைச் சிவப்பொளி மிகக் குறைவாகவே பாதிக்கின்றது.

முன்விளக்கின் ஒளியில் வண்டியோட்டுபவரின் கண் முற்றிருளுக்குப் பழகுவதில்லை என்பது உண்மையே. அது பகலுக்கும் இருளுக்கும் இடைப்பட்ட நிலையில் நிற்கின்றது. ஆயினும், முன்விளக்கின் வட்டத்துக்கு வெளியே, வீதியோரத்துப் பற்றைகளில் அசைவதை உணர்த்துவது இந்த இடைநிலைப் பார்வையே. தலைக்குமேல் வெள்ளை விளக்கு எரியும்போது முதலில் கெடுவதும் அதுவே. வயது ஏற ஏறக் கண்மணி இருளில் முன்போல் விரிவதில்லை. கண்வில்லையும் ஒளியைச் சிதறடிக்கத் தொடங்குகின்றது. ஆகவே, இருபது வயதுப் பேரனைவிட அறுபது வயதுத் தகப்பனார் வண்டியோட்டும்போது உள்விளக்கின் இடையூறு மிகுதி.

கண்ணாடியில் தோன்றும் வீடு

இதனினும் பெரிய இடையூறு முன்கண்ணாடியில் நேர்கின்றது. இரவில் அறையில் விளக்கேற்றிவிட்டு யன்னற் கண்ணாடி வழியே வெளியே நோக்குங்கள். முற்றத்து மாமரம் தெரியாது. உங்கள் முகமும், மேசையும், சுவர்க் கடிகாரமுமே தெரியும். விளக்கை அணைத்ததும் மாமரம் தன் இடத்தில் நிற்கும். கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கைத் திருப்பியனுப்புகின்றது. வெளியே பகலாக இருக்கும்போது இந்த எட்டுப் பங்கு ஒரு பொருட்டன்று. வெளியே வன்னி இருளாக இருக்கும்போது, அது காட்டையே மறைக்கவல்ல திரையாகிவிடுகின்றது.

மோட்டார் வண்டியின் முன்கண்ணாடி சாய்ந்து நிற்பது; சாய்வு மிகுந்தால் பிரதிபலிப்பும் மிகும். அதன்மேல் செம்மண் தூசியும், மழைக்குப்பின் வந்து மோதிய ஈசல்களின் பிசுக்கும் படிந்திருந்தால், உள்ளொளி அவற்றில் பட்டுச் சிதறிக் கண்ணாடி முழுவதும் வெண்புகைபோல் பரவும். சாரதியின் கண்முன் அப்போது வீதி இல்லை. பின்னிருக்கையும், குழந்தையின் முகமும், ஆச்சியின் பையுமே ஆவிபோல் மிதக்கின்றன.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் செல்கின்றது. குளிசையை எடுக்கும் மூன்று விநாடிக்குள் 50 மீற்றர் கழிந்துவிடும். படுத்திருக்கும் மாடு அந்த 50 மீற்றருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஏற்றச் சொன்ன காலம்

இவ்வீதியில் உள்விளக்கைப் பற்றிப் பேசும்போது, மூத்தோர் மனத்தில் வேறொரு நினைவும் எழும். போர் நடந்த ஆண்டுகளில் இரவில் சோதனைச் சாவடியை அணுகும் வண்டி, முன்விளக்கைத் தாழ்த்தி, உள்விளக்கை ஏற்றி, மெல்ல ஊர்ந்து வரவேண்டும். கொழும்பு வீதிகளிலும் இவ்வழக்கம் இருந்தது. காவல் நிற்பவருக்கு உள்ளே இருப்போர் எத்தனை பேர், அவர் முகம் எத்தகையது, கைகள் எங்கே உள்ளன என்பதெல்லாம் தெரியவேண்டும். உள்ளே இருப்பவர்க்கோ, வெளியே நிற்பவர் யார் என்பது தெரியாது. துப்பாக்கியின் நிழல்கூடக் கண்ணாடியில் தம் முகத்தின் பின்னாலேயே தோன்றும். தாய்மார் பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு, அடையாள அட்டையை மடியில் வைத்தபடி, பேச்சின்றி அமர்ந்திருந்த இரவுகள் அவை.

ஏ9 வீதி நெடுங்காலம் மூடிக்கிடந்து, 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்பின் திறக்கப்பட்டது; 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது; 2009 இல் போர் முடிந்தபின் மறுபடியும் திறக்கப்பட்டது. ஓமந்தைச் சோதனைச் சாவடி 2015 இல் அகற்றப்பட்டது. இன்று அவ்விடத்தைக் கடக்கும் இளைஞர் பலர், அங்கே மணிக்கணக்காக வரிசையில் நின்றோரை அறியார்.

அந்தக் கட்டளையே உள்விளக்கின் இயல்பை நமக்கு நன்கு விளக்கிவிடுகின்றது. அது வெளியே இருப்பவருக்கு நம்மைக் காட்டும் விளக்கு. நமக்கு வெளியைக் காட்டும் விளக்கன்று. நின்ற வண்டிக்கு அது பொருந்தும். ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. தன் குடும்பத்தோடு, எவருக்கும் முகம் காட்டவேண்டிய அவசியமின்றி, உள்விளக்கை அணைத்துவிட்டு வன்னி இருளில் செல்வது ஒரு சிறு சுதந்திரமே. அதனைப் பெறுவதற்கு இவ்வீதி நெடுங்காலம் காத்திருந்தது.

முறிகண்டியில் ஏற்றுக

மாங்குளம் கடந்து கிளிநொச்சியை அடையுமுன் முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வருகின்றது. இவ்வழிச் செல்லும் வண்டிகள் இங்கே நின்று, தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசிக்கொண்டு புறப்படுவது நெடுநாள் வழக்கம். சாரதியின் கண்ணுக்கும் காலுக்கும் இது நல்ல ஓய்வு. உள்விளக்கை ஏற்றுவதற்கும் இதுவே தகுந்த இடம். ஆச்சி குளிசையைத் தேடலாம். தாய் பாற்போத்தலை எடுக்கலாம். பிள்ளைகள் கச்சான் சரையைப் பிரித்துப் பங்கிடலாம். முன்கண்ணாடியின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் ஈரத்துணியால் துடைப்பதற்கும் இதனைவிட நல்ல தருணம் இல்லை. புறப்பட்டபின் ஓரிரு நிமிடம் நிதானமாகச் சென்றால், சாரதியின் கண் மீண்டும் இருளோடு இணங்கிவிடும்.

வழியில் தேவைப்படும் பொருள்களைக் கைக்கெட்டும் பையில் முன்கூட்டியே வைத்துக்கொள்வது நன்று. நிறுத்த முடியாத அவசரமானால், சிறு கைவிளக்கை மடிக்குக் கீழே தாழ்த்திப் பிடித்துத் தேடலாம். சாரதிக்கு முன்னாலுள்ள வேகமானியின் ஒளியையும் இயன்றவரை குறைக்கவேண்டும். முன்னிருக்கையில் அமர்ந்தவரின் கைபேசி இக்காலத்து உள்விளக்கு. வழிகாட்டும் படமாயினும் அதன் ஒளியைத் தணித்து, சாரதியின் பார்வைக்கு ஒதுக்கியே வைத்தல்வேண்டும். அலங்காரத்துக்காக நீலமும் ஊதாவுமாகச் சில வான்களில் எரியவிடும் விளக்குகள், நகரத்துக்குள் அழகாக இருக்கலாம். வன்னிக் காட்டில் அவை ஆபத்தே.

இருள் தரும் காட்சி

விளக்கணைத்த வண்டியில் பயணஞ்செய்வது பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் என்று எண்ணற்க. கிளிநொச்சியும் பரந்தனும் கடந்து ஆனையிறவை அணுகும்போது காடு பின்வாங்கும். வானம் திடீரென்று அகலும். இருமருங்கும் ஆழமற்ற கடனீரேரி. நிலாக்காலமாயின் நீர் வெள்ளித்தகடாக விரிந்து கிடக்கும். அமாவாசையை அண்டிய நாளாயின் நட்சத்திரங்கள் நீர்மட்டம்வரை இறங்கி வந்தன போலத் தோன்றும். உப்புக்காற்று யன்னல்வழியே நுழையும். உள்ளே விளக்கெரிந்தால் இவற்றில் ஒன்றும் இல்லை. கரிய கண்ணாடியில் தூங்கும் முகங்கள் மட்டுமே இருக்கும்.

ஆனையிறவைத் தாண்டி இயக்கச்சி, பளை வந்ததும் வானத்தின் விளிம்பில் பனைகள் ஒவ்வொன்றாகத் தலைநீட்டும். ஊர் வந்துவிட்டது என்று ஆச்சி சொல்லத் தொடங்கும் இடம் அது. கொடிகாமம், சாவகச்சேரி, கைதடி, நாவற்குழி என்று ஊர்ப்பெயர்களை அவர் வரிசையாகச் சொல்ல, பேரப்பிள்ளைகள் இருளில் அவற்றைத் தேடிக் காண்பர்.

அடுத்த விடுமுறையில் இவ்வழியே இரவில் செல்லும் மாணவர்கள், வண்டி ஓடும்போது உள்விளக்கை அணைக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொள்வார்களாக. சில நிமிடங்களில் வெளியுலகம் தானே புலப்படத் தொடங்கும். அவ்வாறு புலப்படுவனவற்றுள், விளக்கில்லாத சைக்கிளில் வீடு திரும்பும் அந்தக் கமக்காரனும் ஒருவன்.