ஆறுதலாக என்றொரு சொல்

தமிழில் 'மெதுவா' என்ற ஒரு சொல்லை எடுத்து எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. நடைக்கும் வண்டிக்கும் 'ஸ்லோலி'. "புள்ள தூங்குது, மெதுவாப் பேசுங்க" என்றால் அது 'ஸ்லோலி' இல்லை, 'சொஃப்ட்லி'. ஆங்கிலம் பேசும் டொக்டரிடம் இதை மாற்றிச் சொன்னால் அவர் அதே வேகத்தில் குரலை மட்டும் தாழ்த்திப் பேசுவார்!

1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது நாங்களும் சிலாவத்துறையை விட்டுப் புத்தளம் போனோம். என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. 2009இல் யுத்தம் முடிந்த பின் ஊர் திரும்பினோம். இப்போது மகள் சாதாரண தரத்துக்குப் படிக்க, நானும் ஒரு கொப்பியோடு பக்கத்தில் இருக்கிறேன்.

'ஸ்டெடிலி' எனக்கு உடனே பிடிபட்டது. கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேகம் இல்லை, ஆனால் கை விடுவதும் இல்லை, ஒரே சீர். 'கிராஜுவலி' வேறு. நிலைமை சிறிது சிறிதாக மாறுவதற்கு அது. காய்ச்சல் கிராஜுவலி குறையும். கடைக்கு யாரும் கிராஜுவலி நடந்து போவதில்லை.

நம்முடைய 'ஆறுதலா' என்பதற்குத்தான் ஆங்கிலத்தில் ஒரே சொல் அகப்படவில்லை. "ஆறுதலா வாங்க" என்றால் அவசரப்படாமல் வாங்க என்று அர்த்தம். மையத்து வீட்டில் போய்ச் சொல்வதும் ஆறுதல்தான். தேத்தண்ணி ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். எதுவும் சட்டென்று ஆறாது என்று தெரிந்தவர்கள்தான் இப்படிப் பேசப் பழகியிருப்பார்கள். மகள் 'டேக் யுவர் டைம்' என்று எழுதினாள். அதில் நேரம் இருக்கிறது, ஆறுவது இல்லை.

காணி விடயமாக எங்களுக்கு வந்த ஒரு பதிலில் 'படிப்படியாக' என்று இருந்தது.

"இதுக்கு இங்கிலீஷ்ல என்ன புள்ள?"

"கிராஜுவலி, உம்மா."

எந்தப் படி, எப்போது என்று அதில் இல்லை. அந்தச் சொல்லுக்குத் திகதியே கிடையாது. 'ஸ்டெடிலி' என்றிருந்தால், இடையில் ஏன் நின்றது என்றாவது கேட்கலாம். உங்களுக்கும் அப்படியொரு கடிதம் வந்தால், கோப்பில் வைத்துவிடாமல் எத்தனையாம் திகதிக்குள் என்று எழுத்தில் கேளுங்கள். நான் தமிழில் இரண்டு வரி எழுதி, கீழே ஆங்கிலத்திலும் எழுதினேன். மகள் பிழை பார்த்தாள். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.