குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டு

துப்பாக்கிக் குறி தவறினால் முதலில் திட்டு வாங்குவது தோட்டா. அடுத்து ஸ்கோப். அதற்கும் அடுத்து காற்று, குளிர், ஓடிப்போன மான் :-) கடைசி வரை யாரும் சந்தேகப்படாத ஆசாமி ஒன்று உண்டு. குழலைத் தாங்கிக்கொண்டு சாதுவாக இருக்கும் அந்த மரக்கட்டைதான் அது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் அதை ஸ்டாக் என்பார்கள். (பங்குச் சந்தை ஸ்டாக் இல்லை!)

வேட்டை ரைஃபிள் என்பது இரும்பு, மரம், மனிதன் என்று மூன்று பேர் சேர்ந்து நடத்தும் கூட்டு வியாபாரம். இரும்பு மரத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை பெட்டிங் என்கிறார்கள், அதாவது படுக்கை. மரம் மனிதனின் உடம்புக்கு எப்படிப் பொருந்துகிறது என்பது ஸ்டாக் ஃபிட். பல நேரம் கணக்கு உதைப்பது இந்த இரண்டு இடங்களில்தான்.

முதலில் படுக்கையைப் பார்ப்போம். விசையை இழுத்து மருந்து பற்றிய பிறகு, குண்டு குழலைவிட்டு வெளியேற ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய நேரம்தான் ஆகிறது. அதற்குள் குழல் அதிர ஆரம்பித்துவிடும். அதிர்வது தப்பில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குப் போகும். ஆனால் கட்டை குழலின் ஒரு பக்கத்தை இன்று அழுத்துகிறது, நாளை அழுத்தவில்லை என்றால், இன்று சரிபார்த்த குறி நாளைக்கு உதவாது.

மரம் அப்படி மாறுமா? மழைக்காலத்தில் மூட மறுக்கும் வீட்டுக் கதவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஈரத்தில் வீங்கும், வறட்சியில் சுருங்கும். கட்டையின் வெளிப்பக்கத்தை எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கிவிட்டு, குழல் படுக்கும் பள்ளத்தை மட்டும் பூசாமல் விட்டுவிட்டால், ஈரம் அந்த வழியாக உள்ளே போய்விடும்.

இதற்கு நல்ல உதாரணம் ஒரு போர்க்களத்திலிருந்து கிடைக்கிறது. ரெமிங்டன் நிறுவனம் 1962ல் மாடல் 700 என்ற ரைஃபிளை வெளியிட்டது. அது மான் வேட்டைக்காரர்களுக்கான துப்பாக்கி. 1966ல் அமெரிக்க மரைன் படை அதன் ஒரு வடிவத்தைத் தொலைதூரச் சுடுநர்களுக்காக எடுத்துக்கொண்டு, எம்40 என்று பெயர் வைத்து வியட்நாமுக்கு அனுப்பியது. குழல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஊர் ஈரத்தில் மரக்கட்டை வீங்கி, வளைந்து, குழலைத் தொட ஆரம்பித்தது. 1970களில் எம்40ஏ1 என்ற அடுத்த வடிவம் வந்தபோது, மரத்துக்குப் பதில் ஃபைபர் கண்ணாடிக் கட்டை வந்துவிட்டது.

வேட்டைக்காரர்கள் பட்டறையில் இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, குழலைச் சுற்றி மரத்தைக் கொஞ்சம் தேய்த்து, எங்கேயும் தொடாதபடி விடுவது. சரியாக விலகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு டாலர் நோட்டு போதும். கட்டையின் முன்முனையில் குழலுக்கு அடியில் செருகிப் பின்னால் இழுத்தால், தடங்கலில்லாமல் நகர வேண்டும். சிக்கினால் அங்கே மரம் தொடுகிறது என்று அர்த்தம். இதுவும் எல்லா ரைஃபிளுக்கும் வேதவாக்கு இல்லை. மெல்லிய குழல்கள் சில, முன்முனையில் மரம் லேசாக முட்டுக்கொடுத்தால்தான் ஒழுங்காகச் சுடும். மாடல் 700லேயே தொழிற்சாலை வேண்டுமென்று அப்படி முட்டுக்கொடுத்து அனுப்பியதுண்டு. முட்டுக்கொடுப்பது தவறில்லை, அது நாளுக்கு நாள் மாறுவதுதான் தவறு.

இரண்டாவது வைத்தியம் எப்பாக்ஸி. தோட்டா ஏறும் ஆக்‌ஷன் பகுதியின் முன்பக்கம், அடியில் ஒரு இரும்புப் பல் துருத்திக்கொண்டிருக்கும். துப்பாக்கியின் உதையை மரத்துக்குக் கடத்துவது அதுதான். அந்தப் பல் ஒரு பக்கமாக மட்டும் முட்டினால், ஒவ்வொரு வெடிக்கும் ஆக்‌ஷன் மயிரிழை திரும்பி உட்காரும். அதனால் பள்ளத்தில் எப்பாக்ஸியை ஊற்றி, இரும்பில் ஒட்டாத பூச்சைத் தடவி, அப்படியே பதித்து இறுக விடுகிறார்கள். பல்லின் பின்முகம் மட்டும் முழுசாகப் பதியும். முன்னாலும் பக்கங்களிலும் அடியிலும் டேப் ஒட்டி இடைவெளி விட்டுவிடுவார்கள். திருகாணி இறுகும்போது மரம் நசுங்காமல் இருக்க, அது போகும் துளையில் அலுமினியக் குழாய் வைப்பதும் உண்டு.

மயிரிழைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் தெரியும். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியை வேட்டைக்காரர்கள் சுமார் 8 அங்குல வட்டமாக எடுத்துக்கொள்கிறார்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு 4 அங்குலம். வீங்கிய மரம் குறியை 100 கஜத்தில் 2 அங்குலம் தள்ளிவிட்டால், 300 கஜத்தில் அது 6 அங்குலம். குண்டு வட்டத்துக்கு வெளியே. மான் சாகாது, பிழைக்கவும் செய்யாது. வயிற்றிலோ காலிலோ காயத்தோடு ஓடி, எங்கேயோ ஒரு புதரில் பல மணி நேரம், சில சமயம் நாள்கணக்கில், துடித்துச் சாகும். காகிதக் குறியில் 6 அங்குலம் என்பது வெறும் வருத்தம். காட்டில் அது ஒரு உயிரின் வேதனை.

அடுத்தது மனிதன். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம் அமெரிக்கத் தொழிற்சாலை ரைஃபிள்களில் வழக்கமாக 13.5 அங்குலத்தை ஒட்டியிருக்கும். சராசரி உயர ஆணுக்காக வைத்த அளவு. குள்ளமானவர், பல பெண்கள், பையன்கள் எல்லாரும் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு தடுமாற வேண்டியதுதான். குளிருக்குத் தடித்த கோட்டு போட்டால் நீளம் இன்னும் கூடிய மாதிரி ஆகிவிடும்.

கன்னம் படியும் மேடு இன்னொரு சிக்கல். பழைய கட்டைகள் குழலோடு ஒட்டிய இரும்புக் குறிமுள்ளுக்காகச் செய்தவை. அதே துப்பாக்கியில் உயரமாக ஸ்கோப்பைப் பூட்டினால் கன்னம் அந்தரத்தில் மிதக்கும். கண் ஸ்கோப்பின் நடுவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வராது. கண் நகர்ந்தால், சில தூரங்களில் குறியும் நகர்ந்த மாதிரி தெரியும்.

.270 தோட்டாவைப் பிரபலமாக்கிய எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் தன் வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள்களுக்கு ஸ்போகேன் ஊர் கைவினைஞர் ஆல் பீசனிடம் கட்டை செய்து வாங்கிக்கொண்டார். பார்ப்பவர்களுக்கு அது வால்நட் மர அழகு. ஆனால் நல்ல கைவினைஞர் அளவெடுத்துச் செதுக்கிய கட்டை, தையல்காரர் தைத்த சட்டை மாதிரி. தோளில் வைத்ததும் கண் தானாகக் குறிக்கு வரும். மான் நிற்கும் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் கழுத்தைச் சரிசெய்துகொண்டிருக்க நேரம் ஏது?

இப்போது பிளாஸ்டிக் கட்டைகள் நிறைய வந்துவிட்டன. ஈரத்தில் வீங்காது, வாஸ்தவம். ஆனால் மலிவானவற்றில் முன்பகுதி வளையும். பாறையில் சாய்த்து அழுத்தினால் குழலைத் தொட்டுவிடும். ஆக, பிளாஸ்டிக்கையும் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

பெரிய செலவு எதுவும் இல்லை. சீசனுக்கு முன்னால் வெவ்வேறு நாட்களில், குழல் ஆறியிருக்கும்போது ஒரே ஒரு குண்டு சுட்டு, எங்கே விழுகிறது என்று குறித்து வைக்க வேண்டும். காட்டில் கிடைப்பதும் அந்த ஆறிய குழலின் முதல் குண்டுதானே. புள்ளி நாளுக்கு நாள் நகர்ந்தால், புது ஸ்கோப் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் அந்த டாலர் நோட்டைச் செருகிப் பார்க்கலாம். சோதனை முடிந்ததும் நோட்டு பத்திரமாகப் பைக்கே திரும்பிவிடும்!