பொறுத்தவர் யார்? ஆண்டவர் யார்?

பொறுத்தார் பூமியாள்வார் என்பர். கேட்க இனிக்கும் மொழி! ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் காண்பது என்ன? பொறுத்தவர் பொறுத்துக்கொண்டே இருந்தனர்; ஆண்டவர் ஆண்டுகொண்டே இருந்தனர். பொறுத்திரு என்று போதித்தவரோ, பெரும்பாலும், பொறுக்கவேண்டிய நிலையில் இல்லாதவர்.

மேடைப் பேச்சிலே நாட்டமுள்ளவர் நாம். மாற்றார் பேசினாலும் எழுந்து போகாமல் கேட்பது நம் வழக்கம். அந்த நாட்டமே, இங்கிலாந்து நாட்டுக் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில் 1965 பிப்ரவரி 18ஆம் நாள் நடைபெற்ற சொற்போரின் படப்பதிவை, ஒன்றுக்கு மூன்று முறை நம்மைப் பார்க்கவைத்தது.

அமெரிக்கக் கனவு, அமெரிக்கக் கறுப்பரின் செலவிலே நிறைவேறியது என்பதே வாதத்தின் பொருள். ஆம் என்று பேச வந்தவர் ஜேம்ஸ் பால்ட்வின். நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதியில் வறுமையில் வளர்ந்தவர், கல்லூரியில் பயிலாதவர், பேனாவால் உயர்ந்தவர். இல்லை என்று பேச வந்தவர் வில்லியம் பக்லி. செல்வர் வீட்டுச் செல்வன். யேல் பல்கலைக்கழகப் பட்டதாரி. 1955இல் ‘நேஷனல் ரெவ்யூ’ எனும் பழமைவாத ஏட்டைத் தொடங்கியவர்.

பக்லியை எளிதாக எடைபோட்டுவிடுதல் கூடாது. குரலை உயர்த்தமாட்டார், புருவத்தை உயர்த்துவார்! சொல்வளம் மிக்கவர். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய தொலைக்காட்சி உரையாடல் 1999 வரை நடந்தது. மாற்றுக் கருத்தினரை அழைத்து, எதிரே அமர்த்தி, வாதிட்டார். அந்தப் பண்பைப் பாராட்டலாம். ஆனால் பேச்சின் நயம் வேறு, பேசும் பொருளின் நியாயம் வேறு. 1957இல் அவருடைய ஏடு தீட்டிய தலையங்கம் என்ன கூறிற்று? அமெரிக்கத் தென் மாநிலங்களில், வெள்ளையர் எண்ணிக்கையில் குறைந்த இடங்களிலும் அவர்களே ஆளத் தக்கவர். ஏனெனில் தற்போதைக்கு முன்னேறிய இனம் அவர்களே என்றது. தற்போதைக்கு! அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை தலைமுறையின் வாழ்வு அடைபட்டுக் கிடந்தது!

பால்ட்வின் பேசினார். பருத்தி பறித்தது நான், சந்தைக்குச் சுமந்தது நான், இருப்புப்பாதை அமைத்தது நான். சாட்டையடியின் கீழ், கூலியின்றி, என்னும் பொருள்பட முழங்கினார். ‘நான்’ என்ற ஒரு சொல்லில் தம் மூதாதையர் அனைவரையும் அவையிலே கொண்டுவந்து நிறுத்தினார். நாற்பது ஆண்டில் கறுப்பர் ஒருவர் குடியரசுத் தலைவர் ஆகக்கூடும் என்று ராபர்ட் கென்னடி கூறியிருந்ததையும் எடுத்துக்கொண்டார். நானூறு ஆண்டாக இங்கிருக்கும் எங்களிடம், நேற்று வந்தவர், ஒழுங்காக நடந்துகொண்டால் நாற்பது ஆண்டில் பார்க்கலாம் என்கிறாரே என்று இடித்துரைத்தார்.

பக்லி என்ன விடை தந்தார்? பால்ட்வினின் நிறத்துக்காகச் சலுகை காட்டமாட்டேன். வெள்ளையரிடம் வாதிடுவது போலவே வாதிடுவேன் என்றார். இருக்கும் வாய்ப்புகளைக் கறுப்பர் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்றார். மிசிசிப்பியில் கறுப்பருக்கு வாக்குரிமை கொடுங்களேன் என்று அவையிலிருந்து குரல் எழுந்தது. அங்கே கறுப்பர் போதிய அளவில் வாக்களிக்காதது குறையன்று, வெள்ளையர் மிகுதியாக வாக்களிப்பதே குறை என்றார். சிரிப்பொலி எழுந்தது. உரிமை கேட்டவனுக்கு விடை கிடைத்ததா? கிடைக்கவில்லை. வாக்கெடுப்பிலே பால்ட்வின் பக்கம் 544 பேர், பக்லி பக்கம் 164 பேர்.

இதே பக்லி 1968 ஆகஸ்டில், சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு நடந்தபோது, எழுத்தாளர் கோர் வைடலோடு தொலைக்காட்சியில் மோதினார். வைடல் அவரை மறைமுக நாஜி என்றார். பக்லியோ இழிசொல் வீசி, முகத்தில் குத்துவேன் என்றார். பேச வந்த பொருள் காற்றில் பறந்தது, வசைதான் நிலைத்தது. பால்ட்வின் கேம்பிரிட்ஜில் வசை பாடவில்லை. உழைத்தவன் யார், உண்டவன் யார் என்று கணக்குக் கேட்டார். கணக்குக் கேட்பவன் முன்னே புருவ நயம் செல்லாது!

எனினும், அவையில் வென்றால் போதுமா? 544 கைகள் உயர்ந்ததால் மிசிசிப்பியில் ஒருவருக்கேனும் வாக்குச்சீட்டு கிடைத்துவிடவில்லை. அடுத்த மாதம், மார்ச் 7ஆம் நாள், அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள் காவலரின் தடியடிக்கு ஆளாகி இரத்தம் சிந்தினர். ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. சொல் வழியைக் காட்டிற்று. கால்கள் நடந்து சென்றன.

2004இல் பக்லி ஒப்புக்கொண்டார்: தென்னாட்டின் இனப் பாகுபாடு தானாகவே மெல்ல மறையும் என்று நம்பியது தவறு, நடுவண் அரசின் தலையீடு தேவையாகவே இருந்தது என்றார். தவறு என்று சொல்லவும் நெஞ்சுரம் வேண்டும். அதை மறுக்கவில்லை நாம். ஆனால் கேம்பிரிட்ஜ் சொற்போருக்குப் பின் 39 ஆண்டு கழித்து வந்த சொல் அது. காத்திருக்கச் சொன்னவர் காலந்தாழ்ந்து மனம் மாறலாம், அவருக்கு இழப்பில்லை. காத்திருந்து மடிந்தவனுக்கு யார் ஈடு செய்வது?

தோழர்களே! பழமையின் பேச்சாளரைக் கண்டு ஒதுங்கவும் வேண்டா, வசைபாடவும் வேண்டா. எதிரே அமருங்கள்; இறுதிவரை கேளுங்கள். மெல்ல, மெல்ல, இன்னும் பொறுத்திரு என்று அவர் இனிக்க இனிக்கக் கூறும்போது, ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஐயா, இந்தப் பொறுமையின் செலவு எவர் கணக்கில்?