கலசத்தில் உள்ள வரகு கலத்தில் இல்லையே!

கோபுரக் கலசத்தில் வரகை நிரப்புவது நம் வழக்கம். குடமுழுக்கு வந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை இடுவார்கள். பல்லாண்டு கெடாத தானியம் என்பதே அதற்குச் சொல்லும் காரணம். புறநானூற்றில் மாங்குடி கிழார் உணவுப்பொருள்களை எண்ணும்போதும் வரகைத்தான் முதலில் வைக்கிறார். அத்தகைய தானியம், கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் அரியலூர் மாவட்டத்திலும் அடுத்துள்ள பெரம்பலூரிலும் அன்றாடச் சோறாக ஏன் நிலைக்கவில்லை? இங்குள்ள மானாவாரிக் காடுகளில் இன்று கண்ணில் படுவது மக்காச்சோளமும் பருத்தியும். அந்த மக்காச்சோளத்தில் பெரும்பங்கு கோழித் தீவனமாகிறது.

காரணத்தைத் தேடும்போது மழையின் மீதுதான் முதலில் சந்தேகம் வந்தது. ஆனால் வரகு வறட்சி தாங்கும் பயிர்; மழை குறைந்தால் அது பெருகியிருக்க வேண்டும். அடுத்து ரேஷன் அரிசி. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 முதல் விலையின்றியும் கிடைத்த அரிசியோடு எந்தத் தானியமும் போட்டியிட முடியாது. ஆனாலும் கேழ்வரகு தப்பியது, வரகு தப்பவில்லையே! வேறுபாடு உமியில் இருக்கிறது. கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து அப்படியே மாவாக்கலாம். வரகின் உமியோ அடுக்கடுக்காக அரிசியை இறுகப் பற்றியிருக்கும். கல் திரிகையில் இட்டால் அரிசி நொறுங்கும் என்பதால் களிமண் திரிகையில் பக்குவமாகத் திரித்து, புடைத்து, உரலில் தீட்ட வேண்டும். இத்தனையும் பெண்களின் தலையில் விழுந்த வேலை. நெல்லுக்கு ஊர்தோறும் அரவை ஆலை வந்தது, வரகுக்கு வரவில்லை. ஆகவே வரகு தோற்ற இடம் வயல் அல்ல, வயலுக்கும் அடுப்புக்கும் இடைப்பட்ட திரிகைதான் என்பது என் முடிவு.

மக்காச்சோளம் கையில் காசு தருகிறதே, அதை விடச் சொல்வது நியாயமா என்று உழவர் கேட்கலாம். விடச் சொல்லவில்லை. ஆனால் 2018-இல் பயிரைத் தின்னும் படைப்புழு வந்தபோது, மக்காச்சோளத்தை மட்டுமே நம்பியவர்களுக்குக் கைகொடுக்க வேறு பயிர் இல்லை. துவரையோடு கலந்து விதைக்கும் வரகு, ஒன்று போனாலும் மற்றொன்றை மிச்சம் வைக்கும். சிறுதானியம் வசதியுள்ளவர் உணவாகிவிட்டது என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான், கடையில் வரகரிசி விலை கூடுதல். விலையின்றி அரிசி வாங்கும் குடும்பத்திடம் அதை வாங்கச் சொல்வது அறமாகாது. 2023-இல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கியதுபோல, இங்கே வரகரிசி தருவது அரசின் கடமை. ஆனால் வரகைக் கேழ்வரகைப் போல் மூட்டை பிரித்து அப்படியே அளந்துவிட முடியாது. அதற்கு முதலில் உமி நீக்கும் ஆலை வேண்டும். அரிசியையே கைவிடச் சொல்வதும் என் வாதமல்ல. கொள்ளிடக் கரையில் நெல் விளைவது இயல்பு; மேட்டுக்காட்டு வீட்டிலும் மூன்று வேளையும் நெற்சோறு என்பதுதான் இயல்பல்ல.

தனி மனிதர் தட்டை மாற்றினால் உலகம் மாறிவிடுமா? மாறாது, ஆனால் ஓர் ஆலை ஓடும். ஆலை ஓடினால் வியாபாரி வரகு கேட்பார், வியாபாரி கேட்டால் உழவர் விதைப்பார். எனவே வாங்க முடிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்வத்தில் ஐந்து கிலோ வாங்கி அடுத்த மாதமே மறந்துவிடாதீர்கள். மாதம் ஒரு கிலோவானாலும் ஆண்டு முழுதும் தவறாமல் வாங்குங்கள்.